எல்லா ஸ்போக்கையும் இறுக்கினால் கோட்டம் போகாது

சைக்கிள் வீலைப் பற்றிய ஒரு பதிவில், "வீல் ஆடினால் எல்லா ஸ்போக்கையும் ஒரு சுற்று இறுக்குங்க, சரியாயிடும்" என்று போட்டிருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீங்க. எல்லாம் சேர்ந்து இறுகினால் கோட்டம் (ரிம் ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடுவது) அப்படியேதான் இருக்கும். ரிம்மில் நிப்பிள் (ஸ்போக்கை ரிம்மோடு பிடிக்கிற சின்ன நட்டு) ஓட்டையைச் சுற்றி விரிசல்தான் விடும்.

முதலில் ரிம்மைப் பிடித்து இடமும் வலமும் அசைத்துப் பாருங்க. அச்சில் 'டக் டக்' என்று ஆட்டம் தெரிந்தால் அது ஹப் கோன் (வீலின் நடுவில் அச்சு பேரிங்கைப் பிடிக்கிற கூம்பு நட்டு) லூஸ். ஸ்போக்கைத் தொடவே வேண்டாம்.

ஆட்டம் இல்லையென்றால் சைக்கிளைக் கவிழ்த்து, பிரேக் கட்டைக்குப் பக்கத்தில் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு வீலைச் சுற்றுங்க. கோடு விழுகிற இடத்தில்தான் கோட்டம். ரிம் வலப்பக்கம் ஒதுங்கினால், அந்த இடத்தில் இடது ஹப் பக்கத்து ஸ்போக்கைக் கால் சுற்று இறுக்கி, அடுத்திருக்கும் வலது பக்கத்து ஸ்போக்கைக் கால் சுற்று தளர்த்துங்க. டயர் பக்கமிருந்து பார்த்தால் நிப்பிள் வலஞ்சுழியாகத் திரும்புவதுதான் இறுக்கம். இங்கேதான் பலர் மாற்றித் திருகுகிறார்கள். துருப்பிடித்த நிப்பிளுக்கு முதல்நாளே ஒரு சொட்டு எண்ணெய் விடணும், இல்லாவிட்டால் முனை மழுங்கிவிடும்.

ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் சைக்கிளில் இறங்குகிறவர்கள், ஸ்போக்குகளை ஜோடி ஜோடியாக அழுத்திப் பார்க்காமல் கிளம்பாதீங்க. தொளதொளவென்று ஒன்று இருந்தால் அது அறுந்திருக்கலாம். மாற்றிய பிறகுதான் கோட்டம் எடுக்கணும்.