வளர்ற பிள்ளை டவுசர்

ஜூன் மாதம் வந்தாலே அந்தப் பள்ளிக்கூடச் சீருடைக் காக்கி டவுசர் ஞாபகம் வந்து எரிச்சலாகிறது. டெய்லர் டேப்பை இடுப்பில் வைக்கும் முன்பே அம்மா ஆரம்பித்துவிடுவார்: "வளர்ற பிள்ளை, நல்லா லூசா வைங்க. கீழே மடிச்சுத் தைங்க, அடுத்த வருஷம் பிரிச்சு விட்டுக்கலாம்." என்னை யாரும் கேட்கவில்லை. நான் அப்படியொன்றும் வளரவும் இல்லை, அது வேறு கதை.

முதல் வருஷம் முட்டிக்குக் கீழே பாவாடை மாதிரி ஆடும். இடுப்பில் நிற்காது, அரைஞாண் கயிறுதான் காவல். அடுத்த வருஷம் மடிப்பைப் பிரித்தால் இன்னும் கொடுமை. மேலே வெளுத்த காக்கி, கீழே நாலு விரல் அகலத்துக்குப் புதுக் காக்கி, நடுவில் எத்தனை முறை தேய்த்தாலும் போகாத ஒரு கோடு. பழைய டவுசர் என்று வகுப்புக்கே தண்டோரா!

வெள்ளைச் சட்டை மட்டும் என்ன வாழ்ந்தது? சொட்டு நீலம் சரியாகக் கலக்காமல் முதுகெல்லாம் திட்டுத் திட்டாக இருக்கும்.

டவுசர் கச்சிதமாகப் பொருந்திய காலம் நடுவில் கொஞ்சம் வந்திருக்க வேண்டும். அநேகமாக முழுப்பரீட்சை லீவில். டெரிகாட்டன் வேறு, லேசில் கிழியாது. கிழிந்தால்தானே புதுசு கேட்க முடியும்?