மின்சாரம் எங்கும் ஒன்றுதான் என்று சொல்பவர்களுக்கு

கடந்த ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலில், பாட்டுக் கேட்பதற்காக நாம் கூடிய இடத்தில் நடந்ததை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. அங்கிருந்தவர்களுக்கும், மறுநாள் பகிரப்பட்ட அந்தச் சிறு காணொளியைப் பார்த்தவர்களுக்கும் அது தெரியும். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை வடிகட்டித் தரும் பெட்டியான பவர் கண்டிஷனரை வைத்த பிறகு, இசைத்தட்டு ஓடும்போது வந்த இரைச்சல் குறைந்துவிட்டது என்று மைக்செட் நடத்திய அண்ணன் சொன்னார். மின்சாரம் எங்கும் ஒன்றுதான், இது "கரண்டைக் கழுவுகிற பெட்டி" என்று ஒருவர் கேலியாகச் சொல்ல, அறையே சிரித்தது. அவர் பேச்சை நிறுத்திக்கொண்டு, கொண்டுவந்த இசைத்தட்டுகளை உறைக்குள் போட்டுக் கட்டி எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார். ஒருவர்கூட எழுந்து அவருடன் வாசல்வரை போகவில்லை.

அவர் சொன்னது உண்மை. வீட்டுச் சுவரிலிருந்து வரும் மின்சாரத்தில் அழுக்கு உண்டு. அதைக் குறைக்கும் வழி உண்டு. சரியான இடத்தில் குறைத்தால் காதுக்குத் தெரியக்கூடும். இந்த மூன்றும் மின்பொறியியல் படித்த எவரும் மறுக்காதவை.

230 வோல்ட், விநாடிக்கு 50 சுற்று, வளைவு குலையாத அலை என்பது ஏட்டில் இருப்பது. வீட்டுக்குள் வரும்போது அதன்மேல் வேறு பல ஏறிக்கொண்டிருக்கின்றன. எல்.இ.டி. விளக்கு, கைப்பேசி சார்ஜர், தொலைக்காட்சி, கணினி ஆகியவற்றின் உள்ளே இருக்கும் மின்வழங்கிகள் விநாடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை வெட்டி வெட்டி இணைக்கின்றன. படிப்படியாக இல்லாமல், திருகத் திருகச் சீராக வேகம் மாறும் மின்விசிறி ரெகுலேட்டர், ஒவ்வொரு அரை அலையின் ஒரு பகுதியையும் வெட்டுகிறது, அதாவது விநாடிக்கு 100 முறை. பக்கத்து வீட்டுக் கிணற்று மோட்டார் ஓடத் தொடங்கும் நொடியில் ஒரு வெட்டு. இவை எல்லாம் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் அதே இரண்டு கம்பிகளில்தான் ஓடுகின்றன. கண்டிஷனருக்குள் இருக்கும் சோக்கு என்ற கம்பிச் சுருள் 50 சுற்று மின்சாரத்தைத் தடையின்றி விட்டு, அதற்கு மேலே மிக வேகமாகத் துடிக்கும் இரைச்சலைத் தடுக்கிறது. கம்பிகளுக்குக் குறுக்கே இருக்கும் கெப்பாசிட்டர், மிஞ்சிய இரைச்சலுக்கு அங்கேயே ஒரு குறுக்குவழி கொடுத்துவிடுகிறது. இதில் மந்திரம் எதுவும் இல்லை.

அண்ணன் யார் என்று தெரியாமல் சிரித்தவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் இரணியல் பக்கத்தில் பல ஆண்டுகள் மைக்செட் நடத்தியவர். கோயில் கொடைக்கும் ஆலயத் திருவிழாவுக்கும் அவருடைய செட்டு போகாத ஊர் எங்கள் சுற்றுவட்டாரத்தில் குறைவு. பள்ளியில் படிக்கும்போது நான் அவருடன் ஒயர் சுருட்டப் போயிருக்கிறேன். மினுக்கி மினுக்கி ஓடும் சீரியல் விளக்குகளும் மைக்செட்டும் ஒரே ஜெனரேட்டரில் இருந்தால், விளக்கு மாறும் ஒவ்வொரு முறையும் கூம்பு ஒலிபெருக்கியில் "கிர்" என்று ஒரு சத்தம் வரும். விளக்குக்கு ஒன்று, செட்டுக்கு ஒன்று என்று இரண்டு ஜெனரேட்டர் வைக்க வேண்டும் என்று விழாக் கமிட்டியோடு சண்டை போடுவார். மேடைக்குப் பின்னால் கம்பி அடித்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி எர்த் எடுப்பார். பாடுகிறவரின் உதட்டில் மைக் சுள்ளென்று அடிக்கக் கூடாது என்பதற்காக. மின்சாரத்தின் அழுக்கைக் காதால் கேட்டு, கையால் தொட்டு அறிந்த மனிதரிடம், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சிரித்திருக்கிறோம்.

இனி, வரப்போகும் கேள்விகளுக்கு வருகிறேன்.

ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே டிரான்ஸ்ஃபார்மரும் பெரிய கெப்பாசிட்டர்களும் இருக்கின்றனவே, அவையே வடிகட்டிவிடாதா என்பது நியாயமான கேள்வி. மின்சாரத்தை ஒரே திசையில் ஓடும்படி மாற்றும்போது வரும் 100 சுற்று ஏற்ற இறக்கத்தை அவை நன்றாகவே சமன் செய்கின்றன. ஆனால் அந்தப் பெரிய கெப்பாசிட்டர்கள் மிக உயர்ந்த அதிர்வெண்களில் அவ்வளவு திறமையாக வேலை செய்வதில்லை. டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு கம்பிச் சுருள்களும் ஒன்றையொன்று தொடாமல் அருகருகே இருப்பதாலேயே அவற்றுக்கிடையே ஒரு சிறு கெப்பாசிட்டர் உருவாகி, அதன் வழியாக இரைச்சல் தாண்டிவிடுகிறது. எர்த் கம்பி வழியாகவும், கருவிகளை இணைக்கும் கேபிளின் மேலுறை வழியாகவும் அது உள்ளே வரும். இசைத்தட்டு முள்ளிலிருந்து வரும் மின்னழுத்தம், காந்தம் அசையும் சாதாரண மூவிங் மேக்னட் வகையில் ஏறத்தாழ 5 மில்லிவோல்ட். கம்பிச் சுருள் அசையும் மூவிங் காயில் வகையில் அரை மில்லிவோல்ட் அல்லது அதற்கும் கீழே. முதல் வகையை 100 மடங்கு போல, இரண்டாம் வகையை 1000 மடங்கு போலப் பெருக்கிய பிறகுதான் நாம் கேட்கிறோம். கூடவே புகுந்த இரைச்சலும் அதே அளவு பெருகும். கைப்பேசியிலிருந்து புளூடூத்தில் மட்டுமே பாட்டுக் கேட்பவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். அண்ணன் பேசியது இசைத்தட்டைப் பற்றி.

கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டால் வித்தியாசம் தெரியாது என்று சொல்பவர்களுக்கு: பாஸ் என்னும் கனத்த ஒலி கூடிவிட்டது, பாடகர் எதிரில் வந்து நிற்கிறார் என்றெல்லாம் ஒருவர் சொன்னால் அந்தச் சோதனையைக் கேளுங்கள், நானும் கேட்பேன். இரைச்சல் குறைந்தது என்பதற்கு அவ்வளவு தேவையில்லை. முள்ளைத் தட்டிலிருந்து தூக்கி வையுங்கள், ஒலியளவை ஏற்றுங்கள், ஒலிபெருக்கிக்கு அருகில் காதை வையுங்கள். பிறகு ஆம்ப்ளிஃபயரை அணைத்து, ஒலியளவைத் தொடாமல், கண்டிஷனர் வழியாக இணைத்துத் திரும்பக் கேளுங்கள். இல்லையென்றால் பழைய மீடியம் வேவ் வானொலிப் பெட்டி ஒன்றை எடுத்து, நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, சுவரோரமாக நடந்து பாருங்கள். எந்தச் சார்ஜர், எந்த ரெகுலேட்டர் என்று அதுவே காட்டிக்கொடுக்கும். என் வீட்டில் மாடிப்படி விளக்குதான் பெரிய குற்றவாளியாக இருந்தது.

விலை அதிகம் என்கிறீர்கள். அது அவர் உழைத்துச் சேர்த்த பணம்.

எனக்கு ஏதோ கடையிலிருந்து கமிஷன் வருகிறது என்று பின்னூட்டத்தில் எழுதத் துடிப்பவர்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை. இத்தனை ஆண்டுகள் என்னைத் தெரிந்தவர்கள் அப்படி எழுதினால் அது வலிக்கும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

அந்தக் காணொளியில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். கண்டிஷனர் எதைச் செய்யாது என்பதை அண்ணன் அன்று நீளமாகவே சொன்னார். மாலையில் வோல்டேஜ் இறங்கினால் வெறும் ஃபில்டர் அதை ஏற்றாது, அதற்கு ஸ்டெபிலைசர் வேண்டும் என்றார். இரண்டு கருவிகளின் எர்த்துகளுக்கிடையே வளையம் உருவாகி வரும் "ம்ம்" என்ற முனகலை அது நிறுத்தாது, அந்த முனகல் 50 சுற்றிலேயே இருக்கிறது என்றார். சதுர அலை இன்வர்ட்டரின் பின்னால் மாட்டினால் உள்ளிருக்கும் கெப்பாசிட்டர் சூடாகும் என்றார். பெரிய பவர் ஆம்ப்ளிஃபயரைச் சிறிய கண்டிஷனரில் மாட்டினால் தாளம் அழுத்தமாக விழும் இடங்களில் மின்சாரம் போதாமல் திணறும் என்றார். ஐப்பசி மழையில் இடி இறங்கினால் எந்தப் பெட்டியையும் நம்பாதீர்கள், பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள் என்றார். விற்க வந்தவர் இப்படிப் பேசுவாரா? காணொளி எடுத்த தம்பி இவ்வளவையும் வெட்டிவிட்டு, சிரிப்பை மட்டும் வைத்தார்.

எனக்குக் கோபம் அதிகமாவது அவர் எர்த் பற்றிப் பேசத் தொடங்கியபோது குறுக்கிட்டதை நினைக்கும்போதுதான். கண்டிஷனருக்குள் இருக்கும் சில கெப்பாசிட்டர்கள் இரைச்சலை எர்த் கம்பிக்குள் தள்ளுகின்றன. சுவரில் எர்த் இல்லையென்றால் அவற்றின் வழியே கசியும் மின்சாரம் போக இடமில்லாமல், பெட்டியின் உலோக உடம்பில் சுவர் மின்னழுத்தத்தில் ஏறத்தாழப் பாதியளவு ஏறி நிற்கும். தொட்டால் விரல் நுனி விறுவிறுக்கும். அப்போது குற்றம் பெட்டியின் மீது விழும். நம் ஊரில் தரைக்குக் கிரானைட், வாசலுக்குத் தேக்குக் கதவு என்று செலவழித்துக் கட்டிய வீடுகளிலேயே, சுவர்ப் பிளக்கில் எர்த்துக்கான மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பி இணைக்காமல் விட்டதை நான் பார்த்திருக்கிறேன். குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று எர்த் கம்பியின் இணைப்பை அரித்துவிடும். மேட்டுப் பகுதிகளில் கோடைக்காலத்தில் செம்மண் காய்ந்து எர்த் குழி சரியாக வேலை செய்யாது. அந்தக் குழி எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாமல், தண்ணீர் ஊற்றும் வழக்கத்தையும் விட்டுவிட்டு, மின்சாரம் எங்கும் ஒன்றுதான் என்கிறோம். இது பாட்டோடு நிற்கிற விஷயமும் இல்லை. குளியலறை ஹீட்டரைத் தொடும் குழந்தையின் கை அந்த மூன்றாவது கம்பியை நம்பித்தான் இருக்கிறது. அதைத்தான் அவர் சொல்ல வந்தார், நாம் கேட்கவில்லை.

தக்கலையில் என் தம்பி கட்டும் வீட்டுக்கு இப்போது ஒயரிங் நடக்கிறது. பாட்டுக் கேட்கும் அறைக்கு மீட்டர் பலகையிலிருந்து தனியாக ஒரு லைன், அதில் விளக்கோ விசிறி ரெகுலேட்டரோ சேரக் கூடாது, புதிதாகக் குழி தோண்டினாலும் அதை வீட்டின் மூல எர்த்தோடு கட்டாயம் இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் இடியின்போது இரண்டு எர்த்துக்கும் இடையே மின்னழுத்தம் பாயும் என்று சொல்லிக்கொடுத்தவர் அண்ணன்தான். ஒயர்மேன் பணியைத் தொடங்கிவிட்டார். குழியைப் பார்வையிட வரும் சனிக்கிழமை அண்ணன் வருகிறார். கேட்க விரும்புகிறவர்கள் வரலாம், காணொளி எடுக்க அனுமதி இல்லை.