முயலுக்கு விஷச்செடி தானாகத் தெரியுமா?

"முயலை விளையில் அவிழ்த்துவிடுங்கள், விஷச்செடியை அது தொடவே தொடாது" என்று குமரி மாவட்ட வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

காட்டுமுயல் சிறுவயதிலிருந்தே வெளியில் மேய்ந்து பழகுகிறது. கூண்டில் வளர்ந்த முயலுக்கு அந்தப் பழக்கம் ஏது? பசியிலோ சலிப்பிலோ கிடைத்ததைக் கடிக்கும். தின்றதை வாந்தியெடுக்கவும் முயலால் முடியாது. நம்மூர் வேலியோரத்து அரளி இதயத்தையே பாதிக்கும். இலை காய்ந்தாலும் நஞ்சு போகாது. பச்சை மரச்சீனி இலையில் சயனைடு உருவாகும்.

சில முயல்கள் ஊமத்தையைத் தின்றும் தப்புவதுண்டு. அது உள்ளுணர்வல்ல, அவற்றின் உடலிலுள்ள ஒரு நொதி, ஊமத்தையிலுள்ள அட்ரோபின் என்ற நஞ்சைச் சிதைக்கிறது. வதந்திக்கு இதுவே வேராக இருக்கலாம்.

சந்தேகமிருந்தால் அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். முயல் ஏற்கெனவே தின்றிருந்தால், செடியின் கொப்பு ஒன்றை ஒடித்து எடுத்துக்கொண்டு உடனே போங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.