55 சதவீதக் கணக்கு பற்றி

"ஏஐ வந்து நிரல் எழுதுவது 55 சதவீதம் வேகமாகிவிட்டது, இனி மொரிஷியஸின் ஐடி நகரான எபேனில் பாதிப் பேர் போதும், பள்ளி இறுதித் தேர்வான எச்எஸ்சி முடித்த பிள்ளைகளைக் கணினிப் படிப்பில் சேர்க்காதீர்கள்" என்று உங்கள் பதிவில் சொல்கிறீர்கள், அண்ணா. அந்த 55 எதை அளந்தது என்று பாருங்கள். கிட்ஹப், மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள் நிரல் எழுத உதவும் ஏஐ கருவியான கோபைலட்டை வைத்து நடத்திய சோதனை அது. 95 பேருக்கு ஒரே ஒரு வேலை: ஜாவாஸ்கிரிப்ட் நிரல் மொழியில் ஒரு எச்டிடிபி சர்வரை, அதாவது இணையக் கோரிக்கைகளுக்குப் பதில் அனுப்பும் நிரலை, புதிதாக எழுதுவது.

எபேனில் நாங்கள் பெரும்பாலும் செய்வது அதுவல்ல. பல வருடமாக ஓடும் மென்பொருளில் ஒரு வரியை மாற்றினால் வேறெங்கே உடையும் என்று தேடுவதிலேயே நாள் போய்விடும். அப்படிப் பழைய, பெரிய நிரல்களை வைத்து 2025இல் மெட்டர் (METR) என்ற ஏஐ ஆய்வு அமைப்பு சோதித்தது. 16 அனுபவசாலிகள், 246 வேலைகள். ஏஐ கருவியோடு 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆனது. அவர்களோ 20 சதவீதம் வேகமாக முடித்ததாக நம்பினார்கள்! சரி, அதுவும் சிறிய சோதனைதான், கருவிகளும் அப்புறம் மாறிவிட்டன.

புதியவர்களுக்கு முதல் வேலை கிடைப்பது பற்றிய கவலை நியாயமானது, அதைப் பேசுவோம். ஆனால் ஒரு சர்வர் சோதனையைக் காட்டிப் பிள்ளைகளைத் தடுக்காதீர்கள், தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள்.