கயிறு வீசினால்தான் கண்ணில் படுவார்களா?

2025 ஜூலை 26, சனிக்கிழமை சாயங்காலம். சிங்கப்பூர் தஞ்சோங் காத்தோங் பக்கம் சாலை திடீரென்று உள்வாங்கி, போய்க்கொண்டிருந்த கார் ஒன்று அப்படியே குழிக்குள் இறங்கிவிட்டது. பக்கத்திலேயே குழாய் வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்த தொழிலாளர்கள் ஏழு பேர் ஓடி வந்தார்கள். காரை விட்டு வெளியே வந்து தண்ணீரில் தவித்த பெண்மணியிடம் நைலான் கயிற்றை வீசினார்கள். அவர் பிடித்துக்கொண்டார், இழுத்து மேலே ஏற்றிவிட்டார்கள். சில நிமிட வேலை. முன்னால் நின்ற ஃபோர்மேன் நம்ம தமிழ்நாட்டுக்காரர், 20 வருடத்துக்கு மேல் சிங்கப்பூரில் உழைப்பவர்.

அந்த வாரம் முழுக்க என் டைம்லைனில் அவர்கள்தான். சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று எல்லாரும் கொண்டாடினார்கள். ஒரு தொண்டு அமைப்பு நன்கொடை கேட்க, 70,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் குவிந்தது. மனிதவள அமைச்சு ஏழு பேருக்கும் நினைவு நாணயம் கொடுத்தது. 'ஒரு நாணயம்தானா, நிரந்தரவாசம் கொடுங்கள்' என்று இணையத்தில் பெரிய சண்டை. ஆகஸ்ட் 3ஆம் தேதி, அதிபர் மாளிகையான இஸ்தானாவைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட நாளில் அதிபர் தர்மன் அவர்களைச் சந்தித்தார். அந்த இஸ்தானா 1867இலிருந்து 1869 வரை எழும்பிய கட்டடம். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பும் அதில் சேர்ந்திருக்கிறது. அந்த வாசலில் நம் ஆட்கள் விருந்தினராகப் போய் நின்றதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஆனாலும் ஒரு விஷயம் அன்றிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்த மனிதர்கள் மற்றவர்கள் கண்ணில் பட ஏதாவது ஒரு சம்பவம் நடக்க வேண்டியிருக்கிறது. நல்லதோ கெட்டதோ, நடந்தால் அவர்களுக்கு ஒரு முகம் கிடைக்கிறது. அதையும் வேறு யாரோதான் வரைந்து கொடுக்கிறார்கள். மற்ற நாட்களில் எல்லாம் லாரிக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தலைகள், அவ்வளவுதான்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு. தேக்கா என்று நாம் சொல்லும் லிட்டில் இந்தியாவில், ரேஸ் கோர்ஸ் ரோடு பக்கம், தொழிலாளர்களை விடுதிக்குத் திரும்பக் கூட்டிப்போகும் தனியார் பஸ்ஸில் அடிபட்டு 33 வயதுத் தமிழ்த் தொழிலாளி ஒருவர் இறந்துபோனார். கூட்டம் கொதித்தது. போலீஸ் வண்டியும் ஆம்புலன்ஸும் எரிந்தன. 1969க்குப் பிறகு சிங்கப்பூர் பார்த்த முதல் கலவரம் அது. வண்டியைக் கொளுத்தியவர்கள் மேல் வழக்குப் போட்டதை நான் குறை சொல்ல மாட்டேன். கலவரத்தில் இருந்தவர்கள் சில நூறு பேர். ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வருகிறவர்களோ பல்லாயிரம். கெட்ட பெயர் அத்தனை பேருக்கும் சேர்ந்தே வந்தது.

2015இல் வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் தீவு முழுக்கப் பொது இடத்தில் குடிக்க இரவு பத்தரைக்கு மேல் தடை. தேக்காவிலும் கேலாங் வட்டாரத்திலும் மட்டும் சனிக்கிழமை காலை 7 மணியிலிருந்து திங்கள் காலை 7 மணி வரை முழுத் தடை. நான் குடிக்கு வக்காலத்து வாங்க வரவில்லை, குடியால் அழிந்த குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. ஆனால் வாரத்தில் கிடைக்கும் ஒரே லீவு நாளில் நீ வந்து உட்காரும் இடத்துக்குத் தனிச் சட்டம் என்றால், உன்னைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறது என்று புரியாதா? 2016இல் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை எப்போது வேண்டுமானாலும் வெடிக்கக்கூடிய குண்டு என்ற பொருளில் பேசினார். எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்பும் கேட்டார். அதற்கும் முன்னால், 2008இல், சிராங்கூன் கார்டன்ஸ் பேட்டையில் பழைய பள்ளிக் கட்டடத்தைத் தொழிலாளர் விடுதியாக்கப் போகிறார்கள் என்றதும் குடியிருப்பாளர்கள் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தார்கள். கடைசியில் விடுதி வந்தது. கூடவே, தொழிலாளர்கள் அந்தப் பேட்டைக்குள் நுழையாமல் போய்வரத் தனி ரோடும் வந்தது.

அப்புறம் 2020. ஏப்ரலில் பொங்கோல் பக்கம் ஒரு பெரிய விடுதியையும் தோ குவான் பக்கம் இன்னொன்றையும் தனிமைப்படுத்திவிட்டார்கள். சீக்கிரமே எல்லா விடுதிகளும் அடைப்பு. உள்ளே இருந்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். தினமும் சாயங்காலம் வரும் கொரோனாக் கணக்கில் சமூகத்தில் இத்தனை பேர், விடுதிகளில் இத்தனை பேர் என்று தனித்தனியாகப் போடுவார்கள். நோய் பரவும் விதம் வேறு, அதனால் கணக்கும் வேறு என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் நாள் ஆக ஆக நாங்கள் எல்லாரும் முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு 'அப்பாடா, இன்னைக்குக் கம்மி' என்று சொல்லப் பழகிவிட்டோம். அது ஒற்றை இலக்கத்தில் இருந்த நாட்களிலும் விடுதி எண் நூற்றுக்கணக்கில் இருந்தது. அந்த டிசம்பரில் அரசே வெளியிட்ட கணக்குப்படி, விடுதிவாசிகளில் 47 சதவீதம் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. நியாயமாகச் சொல்ல வேண்டும்: சிகிச்சையும் சாப்பாடும் இலவசமாகக் கிடைத்தன, உயிரிழப்பு மிகமிகக் குறைவு. பல நாடுகளில் அதுவும் நடக்கவில்லை. ஆனால் ஊரில் மற்றவர்கள் மாலுக்கும் உணவங்காடிக்கும் போக ஆரம்பித்து வெகுநாள் ஆன பிறகும் இவர்கள் விடுதிக்கும் வேலையிடத்துக்கும் நடுவில்தான் இருந்தார்கள். 2021 செப்டம்பரில் வாரத்துக்கு 500 பேர் என்று கணக்குப் பண்ணித் தேக்காவுக்கு அழைத்து வந்தார்கள். விடுதியை விட்டு வெளியே கால் வைக்க அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதி 2022 ஜூனில்தான் தளர்ந்தது.

இதையெல்லாம் சீனர்கள் செய்தார்கள், அரசாங்கம் செய்தது என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. ஈ.பி. (படித்தவர்களுக்கான வேலை அனுமதி) எடுத்து, ஐடி கம்பெனியிலும் வங்கியிலும் வேலை பார்த்து, காண்டோ என்ற தனியார் அடுக்குமாடியில் குடியிருக்கும் நம் ஆட்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். 'ஞாயித்துக்கிழமை தேக்கா பக்கம் போகாதீங்க, ஒரே கூட்டமா இருக்கும்' என்பார்கள். அந்தக் கூட்டம் எது என்று சொல்லவே தேவையில்லை. தங்களையும் அவர்களையும் ஒன்றாகப் பார்த்துவிடுவார்களோ என்ற பயம் அது. எங்கே போனாலும் 'உலக இந்தியர்' என்றதும் சுந்தர் பிச்சை, இந்திரா நூயி என்று பெயர் அடுக்குகிறோம். பெருமைதான், சரி. ஆனால் அந்தப் பட்டியல் காப்பாற்றாது. 2021 மே மாதம் சுவா சூ காங்கில் முகக்கவசத்தை இறக்கிவிட்டு வேக நடை போன 55 வயது இந்தியப் பெண்மணியை இனத்தைச் சொல்லித் திட்டி நெஞ்சில் உதைத்தார் ஒருவர். அந்தப் பெண்மணி எந்தப் பாஸ் வைத்திருக்கிறார், எந்தக் கம்பெனி என்றெல்லாம் உதைத்தவர் கேட்கவில்லை. தொழிலாளியைத் தள்ளி வைத்து நம் மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பது வீண்.

ஊரிலும் அவர்களுக்கு ஒரு வேஷம் போட்டு வைத்திருக்கிறோம். மன்னார்குடி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, அறந்தாங்கி பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 'சிங்கப்பூர்க்காரர் வந்திருக்கார்' என்றால் கோடாலித் தைலம், சென்ட், சாக்லேட், கல்யாணச் செலவு, கோயில் வரி எல்லாம் அவர் தலையில். என் சித்தப்பா ஊருக்கு அனுப்பும் போட்டோவில் இஸ்திரி போட்ட சட்டையோடு மெர்லயன் சிங்கச் சிலை முன்னால் நிற்பார். வீடியோ கால் பேசும்போது போனைச் சுவரோரமாகத் திருப்பி வைத்துக்கொள்வார், பின்னால் இருக்கும் அடுக்குக் கட்டிலும் அதில் தொங்கும் ஈரத் துணியும் பாட்டி கண்ணில் படக் கூடாது என்று. பாட்டி கடைசி வரை அவர் ஏதோ கட்டட ஆபீஸில் இருக்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். சித்தப்பா பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். உண்மையைச் சொல்ல நாம் அவருக்கு இடமே கொடுக்கவில்லை.

நம் நாட்டு அரசும் லேசுப்பட்டது இல்லை. ஜனவரி 9 என்றால் வெளிநாடுவாழ் இந்தியர் நாள், விருது, மேடை, மாலை. 2018இல் அதே ஜனவரியில்தான், பத்தாவது முடிக்காமல் வளைகுடா, மலேசியா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆரஞ்சு நிற அட்டை போட்ட பாஸ்போர்ட் தரப்போவதாக அறிவித்தார்கள். ஏர்போர்ட்டில் தூரத்திலிருந்து பார்த்தாலே இவன் படிக்காதவன் என்று தெரிந்துவிடும். எதிர்ப்பு பலமாக வந்ததால் அந்த மாதக் கடைசியிலேயே கைவிட்டார்கள். சிங்கப்பூர் அந்த நாடுகளின் பட்டியலில் இல்லை என்றாலும், அந்த யோசனை யாருக்கோ தோன்றியதே, அதுதான் எனக்கு வலிக்கிறது.

இப்போது ஹீரோ என்கிறோம். ஹீரோ என்று சொல்லிவிட்டால் ஒரு வசதி இருக்கிறது. கைதட்டிவிட்டு அவர் அடுத்த நாள் எதில் ஏறி வேலைக்குப் போனார் என்று கேட்காமல் விட்டுவிடலாம்.

கேட்டால் என்ன தெரியும்? சிங்கப்பூரில் இவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் கிடையாது. ஊரிலிருந்து ஸ்கில் அடித்து (தொழில் திறன் தேர்வு எழுதி), ஏஜென்ட்டுக்கு லட்சக்கணக்கில் கொடுத்து வருகிறவருக்கு நாளுக்கு 18, 20 வெள்ளி பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம். ஓ.டி. பார்த்தால்தான் கையில் ஏதாவது நிற்கும். ஆனால் கட்டுமானத் துறையில் அவர் ஒருவருக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் லெவி, 2024இலிருந்து திறன் தரத்தைப் பொறுத்து மாதம் 500 அல்லது 900 வெள்ளி. பல பேருக்கு லெவி பேசிக்கைவிட அதிகம். அந்த மனிதரின் உழைப்புக்கு இவ்வளவு விலை இருக்கிறது, அது அவர் கைக்கு வரவில்லை என்பதுதான் இதற்கு அர்த்தம்.

சாப்பாட்டுக்கு வருவோம். மாதம் 100 வெள்ளிக்கு மேல் கேட்டரிங்குக்குப் போகும். மத்தியானச் சாப்பாட்டை நடுராத்திரியில் சமைத்து விடியும் முன்னே விடுதிக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். பிரவுன் பேப்பரில் சோறு, சின்னப் பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்ட குழம்பு. வேலையிடத்தில் வேலிக் கம்பியில் பை பையாகத் தொங்கும். சிங்கப்பூர் வெயில் உங்களுக்குத் தெரியும். எங்கள் ஆபீஸுக்கு எதிரே கட்டடம் எழும்பியபோது ஒருநாள் பார்த்தேன், ஒருவர் முடிச்சை அவிழ்த்து முதலில் மோந்து பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். குழம்பைத் தள்ளி வைத்துவிட்டு வெறுஞ்சோற்றில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி சாரத்தில் ஏறினார்.

அப்புறம் அந்த லாரி. சரக்கு ஏற்றும் லாரியின் பின்னால் ஆட்களை ஏற்றிப் போவதை அங்கே சட்டம் இன்னமும் அனுமதிக்கிறது. கம்பித் தடுப்பும் மழைக்குக் கூரையும் வேண்டும் என்று விதி வந்தது, சீட் பெல்ட் கிடையாது. 2021 ஏப்ரலில் விரைவுச்சாலையில் அப்படிப் போன ஒரு லாரி, நின்றிருந்த வண்டியில் மோதி இரண்டு பேர் இறந்தார்கள். 2023இல் பல அமைப்புகள் சேர்ந்து இதை நிறுத்தச் சொல்லி மனுக் கொடுத்தன. சின்ன நிறுவனங்கள் தாங்காது, வேலை தாமதமாகும் என்று முதலாளிகளின் வணிகச் சங்கங்கள் எதிர்த்தன. அரசும் தடை கொண்டுவரவில்லை. பூனையைக்கூடக் கூண்டில் வைத்துப் பத்திரமாகக் காரில் கூட்டிப்போகும் ஊர் அது. பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் நின்ற மனிதன் தூங்கித் தூங்கி விழுந்துகொண்டே தகரத்தில் உட்கார்ந்து போவதைச் செலவுக் கணக்கு சொல்லி நியாயப்படுத்துவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

கயிறு வீசிய செய்தி வந்த அடுத்த ஞாயிறு தேக்காவில் ஒரத்தநாட்டுத் தம்பி ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். அதைப் பற்றிக் கேட்டதற்கு, 'பள்ளத்துல ஆள் விழுந்தா தூக்கத்தானேண்ணே செய்வாங்க' என்றார். அதற்கு மேல் அதில் அவருக்குப் பேச ஒன்றுமில்லை. உடனே பேச்சு சம்பளத்துக்குப் போய்விட்டது. இரண்டு மாதமாகப் பாதிதான் போடுகிறார்களாம். புகார் கொடுக்க இடம் இருக்கிறதே என்றேன். 'கொடுக்கலாம்ணே. பர்மிட்ட கேன்சல் பண்ணிட்டா? ஏஜென்ட்டுக்கு வாங்குன கடன் இன்னும் அப்படியே இருக்கு' என்றார். அவருடைய வேலை பர்மிட் அந்த முதலாளியோடு கட்டப்பட்டது. வேறு இடம் மாறுவது நினைத்த மாத்திரத்தில் நடக்காது.

அதனால் ஊரிலிருந்து படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டிலிருந்தோ தெருவிலிருந்தோ யாராவது வேலைக்குக் கிளம்பினால், விமானம் ஏறுவதற்கு முன்னால் ஐ.பி.ஏ. கடிதத்தை (வேலை பர்மிட்டுக்கான முன் அனுமதிக் கடிதம்) கேட்டு வாங்கச் சொல்லுங்கள். தமிழிலும் தருவார்கள். மாதப் பேசிக் எவ்வளவு, படி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, ஏஜென்ட்டுக்கு எவ்வளவு என்று அதில் போட்டிருக்கும். ஏஜென்ட் வாயால் சொன்ன தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் பணம் கட்டும் முன்னே கேளுங்கள், கட்டிய பிறகு கேட்டால் பதில் வராது. மாதாமாதம் சம்பளச் சீட்டையும் ஓ.டி. நேரத்தையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் வீட்டுக்கு அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். நாளைக்குப் புகார் என்று போக வேண்டி வந்தால் அவர் கையில் இருக்கப்போவது அதுதான்.