சர்க்கரை மாத்திரை பற்றி ஒரு திருத்தம்

"மருந்துச் சோதனையில் பாதிப் பேருக்குச் சர்க்கரை மாத்திரை கொடுத்து நோயோடு விட்டுவிடுவார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சர்க்கரை மாத்திரை என்று அவர் சொல்வது நீரிழிவு மாத்திரையை அல்ல, மருந்தே இல்லாத போலி மாத்திரையை. அது சரியல்ல. நல்ல மருந்து ஏற்கெனவே இருக்கும் கடும் நோய் என்றால், ஒப்பீட்டுக் குழுவுக்கு (புது மருந்து பெறாமல், ஒப்பிட்டுப் பார்க்க இருப்பவர்களுக்கு) பொதுவாக அந்த மருந்தைத்தான் தருவார்கள்.

சென்னையில் நடந்ததையே பாருங்கள். 1956இல் தொடங்கிய காசநோய் சிகிச்சை ஆய்வு மையம் 193 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பக்கம் சானடோரியம், அதாவது காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனை: ஓய்வு, சத்தான சாப்பாடு. மறுபக்கம் நெரிசலான சொந்த வீடு. ஆனால் இரு பக்கமும் ஐசோனியசிட், பாஸ் என்ற அதே மருந்துகள்தான், ஓராண்டுக்கு. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். கூட இருந்தவர்களுக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் வெளியான இந்த முடிவு உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சையை மாற்றியது.

நோயாளிகளைப் பிரிக்கக் குலுக்கல் ஏன் என்று கேட்கலாம். மருத்துவரே தேர்ந்தெடுத்தால், பாவம் என்று மெலிந்தவர்களையெல்லாம் சானடோரியத்துக்கு அனுப்பிவிடுவார். அப்புறம் எதை எதோடு ஒப்பிடுவது?

இன்னொன்று: இன்று சோதனையில் சேர்பவர் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்ட பிறகும், எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்.