நினைவுச் சின்னத்தின் எதிரே நின்று பேசியவருக்கு

ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி கடற்கரைச் சாலைக் கூட்டத்தில் ஒரு பேச்சாளரிடம் நான் எழுந்து கேள்வி கேட்டதை உங்களில் பலர் காணொளியில் பார்த்துவிட்டீர்கள். மறுபடி விவரிக்கப் போவதில்லை. "பெரிய படை வைத்திருக்கும் நாட்டில்தான் அமைதி நிலைக்கும்" என்று அந்தப் பேச்சாளர் நின்று சொன்ன இடம்தான் இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. போர் நினைவுச் சின்னம் அவருக்கு முதுகுப்புறம் இருந்தது. துப்பாக்கியைத் தாழப் பிடித்தபடி அந்தச் சிப்பாய் சிலையாக நின்றுகொண்டிருந்தான்.

அந்தச் சின்னம் யாருக்காக வைத்தது? 1914-ல் மூண்ட போருக்கு இங்கிருந்து கப்பலேறித் திரும்பி வராதவர்களுக்காக. அன்று ஐரோப்பாவில் படைக்கா பஞ்சம்? ஜெர்மனி, பிரான்ஸ், ரஷ்யா மூன்றும் இளைஞர்களைக் கட்டாயமாகச் சேர்த்து லட்சக்கணக்கில் நிறுத்தியிருந்தன. எதிரி முந்திக்கொள்வானோ என்ற பயத்திலேயே ஒருவர் பின் ஒருவராகப் படையைக் கிளப்பினார்கள். சின்னம் திறந்தது 1938-ல். அடுத்த வருடமே மறுபடியும் போர்.

பெரிய படை அமைதியைத் தராது, போரைத் தொடங்குவதைச் சுலபமாக்கும். அன்று எழுந்து நின்று நான் கேட்டது இவ்வளவுதான். அதற்குத்தான் "நாட்டுப்பற்று இல்லாதவள்" என்ற பட்டம்.

படையே வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? பனிமலையில் காவல் நிற்கிறவர்களை ஒரு வார்த்தை இழிவாகப் பேசியிருக்கிறேனா? காட்டுங்கள்.

ஐரோப்பா தூரம் என்றால் தேவனாம்பட்டினத்துக்குப் போய்ப் பாருங்கள். 1758-ல் பிரெஞ்சுப் படை அங்கே, கடலூரில், ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்தது. மூன்றே வருடத்தில் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த புதுச்சேரியைப் பிடித்து, கோட்டையோடு ஊரையும் தரைமட்டமாக்கினார்கள். இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் இரண்டு கோட்டைகள், இரண்டு படைகள். எந்தக் கோட்டை எந்த ஊரைக் காப்பாற்றியது?

இதே புதுச்சேரி எப்படி நம் கைக்கு வந்தது? 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு ஆதரவு. நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. "கோவாவை மறந்துவிட்டீர்களா?" என்று ஒருவர் கட்டாயம் எழுதுவார். மறக்கவில்லை. 1961-ல் படை போகாமல் போர்ச்சுகல் அதை விட்டிருக்காது. அது என்னை உறுத்துகிற உதாரணம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒன்றைக் கொண்டு மற்ற எல்லாவற்றையும் மூடிவிட முடியாது. மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிகா 1948-ல் படையைக் கலைத்ததைச் சொன்னால், "அமெரிக்கா இருக்கும் தைரியம்" என்கிறீர்கள். அந்த அமெரிக்காவின் பெரிய படைதானே வியட்நாமுக்கும் ஈராக்குக்கும் போனது? அங்கே அமைதியா விளைந்தது?

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். இணையத்தில் என் தாத்தாவின் படத்துக்குக் கீழே ஒருவர் எழுதியதைத்தான் பொறுக்க முடியவில்லை. "பிரெஞ்சுக்காரனிடம் கூலிக்குத் துப்பாக்கி பிடித்தவர் பேத்தி வேறு எப்படிப் பேசுவாள்?"

ஆமாம், என் தாத்தா சொல்தா, பிரெஞ்சுப் படைச் சிப்பாய். பிரான்ஸ் ஆண்ட வியட்நாம் பக்கத்து இந்தோசீனாவுக்குப் போனார். வீட்டில் ஐந்து வாய்கள், காணி நிலம் கிடையாது, போனார். பெரிய படை என்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட வீடுகளிலிருந்துதான் திரள்கிறது. மேடையில் பேசுகிறவர்கள் வீட்டிலிருந்து இல்லை. பிரான்சிடம் விமானம் இருந்தது, பீரங்கி இருந்தது. 1954 மே மாதம் வியட்நாமின் தியன் பியன் பூவில் தோற்று எல்லாம் போயிற்று. தாத்தா வலது காது கேளாமல் ஊர் திரும்பினார்.

பிரான்சின் தேசிய நாளான ஒவ்வொரு ஜூலை 14-க்கும் முதல் நாள் ஆயா பதக்கங்களைப் புளி போட்டுத் தேய்த்து, நாடாவில் ஈரம் படாமல் துணியால் துடைத்து வைப்பார். தாத்தா அவற்றைச் சட்டையில் குத்திக்கொண்டு நினைவுச் சின்னத்துக்குப் போவார். திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் முதலில் பதக்கங்களைக் கழற்றி பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடுவார். இருட்டும் வரை திண்ணையை விட்டு எழ மாட்டார். விவரம் தெரியாத வயதில், "எத்தனை பேரைச் சுட்டீர்கள் தாத்தா?" என்று ஒருமுறை இடது காதுப் பக்கம் போய்க் கேட்டேன். வெகு நேரம் கழித்து, "அவர்களும் நெல் நடுகிற ஜனங்கள்தான் அம்மா" என்றார்.

அந்த டப்பா இப்போது என் பீரோவில் இருக்கிறது. படத்துக்குக் கீழே அப்படி எழுதியவர் நம் ஊர்க்காரர்தான், எனக்குத் தெரியும். ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள். மூடியைத் திறந்து உங்கள் கையில் கொடுக்கிறேன்.